ஐந்தும் பன்னிரண்டும்

கலப்பு, கலப்படம் இரண்டும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். ஒன்றை பக்தியிலும் காதலிலும் உச்ச நிலைக்கு வைத்திருக்கிறோம். மற்றதை நெய்க்கும் மிளகுக்கும் வைத்திருக்கிறோம். மிளகில் பப்பாளி விதையைச் சேர்ப்பவனின் குற்றம் சேர்த்ததில் இல்லை, சேர்த்ததை மிளகு என்று சொல்லி விற்றதில் இருக்கிறது. கடைத்தெருவில் இந்த அளவுகோல் போதும். கலையில் போதாது. சங்கீதத்தில் எதைச் சேர்த்தாலும் அது காதில் விழுந்துவிடுகிறது. மறைத்து விற்க வழியில்லை. இருந்தும் இரண்டு மரபுகள் கலக்கும்போதெல்லாம் நமக்குள் ஒரு சுகாதார இன்ஸ்பெக்டர் எழுந்து நிற்கிறார். இவரை வெறும் சனாதனி என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அவர் கேட்கும் கேள்வி தவறாக இருக்கலாம். கேள்விக்குப் பின்னால் இருக்கும் கவலை நியாயமானது. ஏதோ ஒன்று காட்டிக்கொடுக்கப்படுகிறது என்ற கவலை அது. எது, யாரால், எப்போது காட்டிக்கொடுக்கப்படுகிறது? இதைப் பொதுவாகப் பேசினால் வெறும் அபிப்பிராயங்கள்தான் மிஞ்சும். ஒரு மனிதரை, ஒரு சங்கீதத்தை முன்னால் வைத்துக்கொண்டு பேசுவது நல்லது.

எத்தியோப்பியாவின் முலாட்டு அஸ்டாட்கேயை எடுத்துக்கொள்கிறேன். 1943ல் ஜிம்மா என்ற ஊரில் பிறந்தவர். வசதியான குடும்பம். இஞ்சினியராக வேண்டும் என்று இங்கிலாந்துப் பக்கம் படிக்க அனுப்பப்பட்டார். வேல்ஸில் பள்ளிப்படிப்பு, அங்கிருந்து லண்டன் டிரினிடி சங்கீதக் கல்லூரி, பிறகு, 1960களின் தொடக்கத்தில், பாஸ்டன் நகரின் பெர்க்லீ. அங்கே படித்த முதல் ஆப்பிரிக்க மாணவர் என்று குறிப்பிடப்படுகிறார். வைப்ரபோனும் தாள வாத்தியங்களும் கற்றார். 1966ல் நியூயார்க்கில் 'ஆப்ரோ-லத்தீன் ஸோல்' என்ற பெயரில் இரண்டு இசைத்தட்டுகள். 1960களின் இறுதியில் அடிஸ் அபாபா திரும்பினார். 1972ல் மறுபடி நியூயார்க்கில் பதிவான 'முலாட்டு ஆஃப் எத்தியோப்பியா'. 1974ல் அடிஸ் அபாபாவில் அம்ஹா ரிகார்ட்ஸ் வெளியிட்ட 'யெகாதிட் எத்தியோ ஜாஸ்'. எத்தியோ ஜாஸ் என்று இன்று உலகம் அழைக்கும் வகைக்கு இவரே தகப்பன்.

எதை எதோடு கலந்தார் என்பதைக் கொஞ்சம் ஸ்தூலமாகப் பார்க்க வேண்டும். எத்தியோப்பிய மேட்டு நிலத்தின் லௌகீக சங்கீதத்தில் நான்கு அடிப்படை ஸ்வரக்கட்டுகள் உண்டு. கிஞித் என்று பெயர். திஸிதா, பாத்தி, அம்பாஸெல், அஞ்சிஹோயே என்ற நான்கும் ஐந்து ஸ்வரங்களுக்குள் அடங்குபவை. நம் காதுக்கு உடனே ஒரு அறிமுகம் கிடைத்துவிடுகிறது. திஸிதாவின் ஒரு வகை, ஸ்வர வரிசையில், நம் மோகனம். பாத்தியின் ஒரு வகை சுத்த தன்யாசி. ஆனால் இந்த உறவு கணக்கில் மட்டும்தான். திஸிதா என்பது ஸ்வரக்கட்டின் பெயர் மட்டுமல்ல, ஒரு பாட்டு வகையின் பெயரும் கூட. அந்தச் சொல்லுக்கு அம்ஹாரிக் மொழியில் நினைவு, நினைவின் ஏக்கம் என்று பொருள். போனதைப் பாடுவது திஸிதா. மோகனத்தில் நாம் அதைத் தேடுவதில்லை. ஐந்து ஸ்வரங்கள் ஒரு மரபு ஆகிவிடாது. எந்த ஸ்வரத்தில் நிற்பது, எதைத் தொட்டுவிட்டு நகர்வது, எதை வளைப்பது, இவற்றோடு சேர்ந்து கேட்பவன் என்ன நினைத்துக்கொள்கிறான் என்பதுவரை மரபு நீள்கிறது.

இதற்கு எதிரே ஜாஸ். 12 ஸ்வரங்கள், அவற்றை அடுக்கி அடுக்கி எழுப்பும் கோர்டுகள், ஒரு கோர்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் தர்க்கம். பெர்க்லீயில் கற்றுத்தருவது பெரிதும் இந்தத் தர்க்கத்தைத்தான். ஐந்து ஸ்வரங்களில் நகரும் ஒரு மெட்டின் கீழே இந்தக் கோர்டுகளை வைத்தால் என்ன நடக்கிறது? மெட்டில் இல்லாத ஸ்வரங்கள் அடியிலிருந்து மேலே வருகின்றன. அவை மெட்டுக்கு விளக்கம் சொல்ல ஆரம்பிக்கின்றன. 'நீ சோகமாக இருக்கிறாய்', 'இப்போது வீடு திரும்பப் போகிறாய்' என்றெல்லாம் சொல்கின்றன. மெட்டு அப்படி எதுவும் நினைத்திருக்காது. கொஞ்ச நேரத்தில் அது தன் நிறத்தை இழந்து, எந்த ஊரிலும் கேட்கக்கூடிய ஒரு அழகிய ராகமாகிவிடுகிறது. ஐந்து ஸ்வரங்களும் அப்படியே இருக்கின்றன; ஒன்று கூட மாறவில்லை; ஆனால் திஸிதா போய்விட்டது. முலாட்டு பேட்டிகளில் திரும்பத்திரும்பப் பேசுவது இந்த அபாயத்தைப் பற்றித்தான்.

இந்த டெக்னிகல் பிரச்னைதான் என் நீதிப் பிரச்னையும். ஐந்தும் பன்னிரண்டும் சந்திக்கும்போது அவை சமமானவை அல்ல. பன்னிரண்டுக்குப் பின்னால் கல்லூரிகள், பாடப்புத்தகங்கள், இசைத்தட்டுக் கம்பெனிகள், பியானோ என்ற வாத்தியமே இருக்கின்றன. பன்னிரண்டு ஐந்தை விழுங்க வேண்டும் என்று யாரும் திட்டமிட வேண்டியதில்லை. சும்மா விட்டாலே போதும், விழுங்கிவிடும். ஆக, கலப்பவன் நடுநிலை வகித்தால் அது வலியவன் பக்கம் சேர்ந்ததாகிவிடுகிறது. கலப்பை அளக்க நான் கேட்பது ஒரே கேள்வி: வலியது எதை விட்டுக்கொடுத்தது?

இந்த அளவுகோலை வைத்து 1966ஐயும் 1974ஐயும் கேட்டால் வித்தியாசம் தெரிகிறது. 1966 தட்டுகளில் சாமர்த்தியம் இருக்கிறது, துடிப்பு இருக்கிறது. ஆனால் வீடு லத்தீன் தாளத்துடையது. எத்தியோப்பிய மெட்டு அங்கே விருந்தாளி. நன்றாக உபசரிக்கப்பட்டு, நேரமானதும் கிளம்பிப் போகும் விருந்தாளி. 1974ன் காலத்துப் பதிவுகளில், முக்கியமாக 'யெகெர்மோ ஸெவ்', 'யெகெலே திஸிதா' இரண்டிலும், நிலைமை தலைகீழ். பியானோவும் கிதாரும் கோர்டுகளை அடுக்கிக்கொண்டு ஓடவில்லை. ஒரு சிறு சொற்றொடரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்கின்றன. பாஸ் அதையே திரும்பத்திரும்பச் சொல்கிறது. ஸாக்ஸபோன் எவ்வளவு கலைந்து பேசினாலும் மெட்டின் எல்லைக்குத் திரும்பிவிடுகிறது. எல்லாம் கற்ற ஒருவர் கற்றதில் முக்கால்வாசியை வாசிக்காமல் வைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு இது அழகியல் தேர்வாக மட்டும் படவில்லை. தன் கைக்குள் இருக்கும் பலத்தைப் பிரயோகிக்காமல் இருப்பதற்கு வேறு துறைகளில் நாம் தர்மம் என்று பெயர் சொல்கிறோம்.

அவர் தேர்ந்த வாத்தியத்தைப் பாருங்கள். வைப்ரபோன், உலோகப் பட்டைகளின் வரிசை. ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு ஸ்வரம் நிர்ணயமாகிவிட்டது. வளைக்க முடியாது, குழைக்க முடியாது. எத்தியோப்பியாவின் மஸிங்கோ குதிரைமயிரால் ஆன ஒற்றை நரம்பு. அதில் ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் எத்தனையோ படிகள். மஸிங்கோவுக்கும் வைப்ரபோனுக்கும் இடையே இருப்பதைவிட அதிக தூரம் வாத்தியங்களில் காண்பது கஷ்டம். குழைவைக் கொண்டுவர முடியாது என்று தெரிந்ததால்தானோ என்னவோ, அவர் வாசிப்பில் இடைவெளி அதிகம். ஒரு ஸ்வரத்தைத் தட்டிவிட்டு அது அடங்கும்வரை விட்டுவிடுகிறார். மெட்டின் உடம்பு வராத இடத்தில் அதன் மௌனம் வருகிறது. நகல் எடுக்க முயன்றிருந்தால் இதுவும் கிடைத்திருக்காது.

சுகாதார இன்ஸ்பெக்டர் இங்கே குறுக்கிடுவார். எவ்வளவு அடக்கமாகக் கலந்தாலும் கலப்பு கலப்புதானே, தூயது தூயதுதானே என்பார். அவருக்கு எத்தியோப்பிய நவீன இசையின் சரித்திரமே பதில் சொல்லும். 1924ல், பின்னாளில் ஹைலே செலாஸி சக்கரவர்த்தியான ராஸ் தஃபாரி, ஜெருசலேம் போன இடத்தில் ஆர்மீனிய அநாதைச் சிறுவர்களின் பித்தளை வாத்தியக் குழுவைக் கண்டு, அந்த 40 சிறுவர்களையும் அடிஸ் அபாபாவுக்கு அழைத்துவந்தார். துருக்கியப் படுகொலைகளில் தப்பிய குழந்தைகள். அவர்களை நடத்திய கெவோர்க் நல்பாந்தியன் எத்தியோப்பிய தேசிய கீதத்துக்கு இசையமைத்தார். அவர் உறவினர் நெர்ஸஸ் நல்பாந்தியன், எத்தியோப்பிய மெட்டுகளைப் பெரிய வாத்தியக் குழுக்களுக்கு எப்படி அமைப்பது என்று பல ஆண்டுகள் உழைத்தார். முலாட்டு திரும்பி வந்தபோது அடிஸ் அபாபாவின் காது ஏற்கெனவே கலந்த காதாகத்தான் இருந்தது.

ஆனால் இதிலிருந்து 'எல்லாமே கலப்புதான், ஆகவே எந்தக் கலப்பும் சரிதான்' என்று முடிவுக்கு வருபவர்களிடமும் எனக்கு உடன்பாடில்லை. தூய்மைவாதியின் சோம்பேறித்தனத்துக்கு இது குறைந்ததில்லை. எல்லாரும் கடன் வாங்குகிறார்கள் என்பதால் கடனுக்குக் கணக்கு வேண்டாம் என்று எந்த வங்கியிலும் சொல்வதில்லை. நான் பகலெல்லாம் உட்காரும் கவுண்டரில் நகைக்கடன் உண்டு. அடகு வந்த வளையல் எங்கள் பெட்டகத்தில் இருக்கும், எடை எழுதியிருக்கும், கேட்டால் எடுத்துக் காட்டுவோம். யாரும் அதைக் கையில் போட்டுக்கொள்ள முடியாது. ஒரு மரபைக் கையாள்பவனின் நிலையும் ஏறக்குறைய இதுதான் என்று எனக்குப் படுகிறது. வைத்திருக்கிறான், உடையவன் அல்ல.

'முலாட்டு எத்தியோப்பியர்தானே, அவருக்கு அது சொந்தச் சொத்து அல்லவா' என்று கேட்கலாம். இந்தக் கேள்வியைச் சுலபமாக ஏற்றுக்கொள்ளக் கூடாது. எத்தியோப்பியா என்பது பாஸ்போர்ட்டில் ஒன்று. நிலத்தில் எத்தனையோ மொழிகள், இனங்கள். வேல்ஸிலும் லண்டனிலும் பாஸ்டனிலும் உருவான ஒரு நகரவாசிக்கும், நாட்டின் தெற்கே தெராஷே மக்கள் கூட்டமாக ஊதும் மூங்கில் குழலுக்கும் என்ன உடைமை உறவு? தேசம் என்ற சொல்லைக் காட்டி ஒரு சிறு இனத்தின் சங்கீதத்தை எடுத்துக்கொள்வது, வெளிநாட்டான் எடுத்துக்கொள்வதைவிட எப்போதும் மேலானது என்று சொல்ல முடியாது. தேசபக்தி ஒரு ரசீது ஆகிவிடாது.

அந்தத் தெராஷே குழல்களைப் பற்றி அவரே அடிக்கடி ஒன்று சொல்கிறார். டெபுஸியும் சார்லி பார்க்கரும் கையாண்ட டிமினிஷ்ட் ஸ்வர வரிசையை அந்த மக்கள் அவர்களுக்கு முன்னாலேயே வாசித்து வந்தார்கள் என்கிறார். எத்தியோப்பிய திருச்சபையின் குருமார்கள் கையில் பிடிக்கும் நீண்ட கோல் மேற்கத்திய கண்டக்டரின் கோலுக்கு முந்தியது என்றும் சொல்கிறார். 6ம் நூற்றாண்டின் புனித யாரெத் பெயரால் வழங்கும் தேவாலய கீத மரபின் தொன்மை அவருக்கு இதில் துணை. இந்தப் பேச்சின் உணர்ச்சி எனக்குப் புரிகிறது. ஆப்பிரிக்கா மேளம் மட்டும்தான் தந்தது என்று ஒரு நூற்றாண்டு கேட்டுக்கொண்டிருந்தவனின் பதில் அது. ஆனாலும் அவருடைய சங்கீதத்துக்கு இந்த வக்காலத்து தேவையில்லை. 'நம்மிடமே எல்லாம் முதலில் இருந்தது' என்ற குரல் நமக்கு மிகவும் பழக்கமான குரல். புஷ்பக விமானம்வரை போகும் குரல். அது எதிரியின் அளவுகோலை ஒப்புக்கொண்டு, அதில் தனக்கு அதிக மார்க் கேட்கிறது. தெராஷே குழல் பார்க்கருக்கு முந்தியது என்பதால் மதிக்கத்தக்கதா? பார்க்கருக்குப் பிந்தியிருந்தால் என்ன குறைந்துவிடும்? யெகெலே திஸிதாவில் ஐந்து ஸ்வரங்கள் தலைநிமிர்ந்து நிற்பது வயதைக் காட்டி அல்ல.

கிரார் விஷயத்தில் என் சங்கடம் இன்னும் அதிகம். 2007-08ல் ஹார்வர்டின் ராட்கிளிஃப் நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்தபோது, கிராரை மேற்கத்திய ஸ்வரங்களையும் வாசிக்கத்தக்கதாக மாற்றும் முயற்சியில் ஈடுபட்டார். கிரார் ஐந்தாறு நரம்புகள் கொண்ட சிறு யாழ். அது வளரக் கூடாதா, மியூசியத்தில் கிடக்க வேண்டுமா என்று அவர் கேட்டால் பதில் சொல்வது கடினம். வாத்தியங்கள் மாறிக்கொண்டேதான் வந்திருக்கின்றன. ஆயினும் என் அளவுகோல் இங்கே உறுத்துகிறது. 1974ல் பன்னிரண்டு விட்டுக்கொடுத்தது. இங்கே ஐந்து, பன்னிரண்டின் மேஜையில் உட்காரத் தன் உடம்பைத் திருத்திக்கொள்கிறது.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. ரசிகர்கள் அதைப் பேசுவதில்லை. திஸிதா பாடப்படுவது. அஸ்மாரி என்ற நாடோடிப் பாடகன் மஸிங்கோவை இழைத்துக்கொண்டு, எதிரில் இருப்பவனைப் பார்த்து அங்கேயே கவிகட்டிப் பாடுவான். அம்ஹாரிக் கவிதையின் உயிர் 'மெழுகும் பொன்னும்' என்ற உத்தி. மேலே தெரியும் அர்த்தம் மெழுகு. உருக்கினால் உள்ளே கிடைப்பது பொன். நம் சிலேடைக்கு உறவு. ஆனால் நம் சிலேடை பெரும்பாலும் புலவனின் விளையாட்டாக முடிந்தது. அங்கே அது அதிகாரத்தின் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லித் தப்பிக்கும் வழியாகவும் இருந்தது. முலாட்டுவின் புகழ்பெற்ற உருப்படிகளில் பாட்டு இல்லை. சொல் போனதும் மெழுகும் பொன்னும் சேர்ந்தே போய்விடுகின்றன. மெட்டின் நிறத்தைக் காத்தவர் மெட்டின் நாக்கைக் காக்கவில்லை.

மிஞ்சிய சொற்கள் தலைப்புகள் மட்டும். யெகாதிட் என்பது எத்தியோப்பிய நாட்காட்டியில் நம் மாசியை ஒட்டிய மாதம். 1974ன் பிப்ரவரியில், அந்த மாதத்தில்தான், சக்கரவர்த்திக்கு எதிரான கிளர்ச்சி வெடித்தது. இன்னொரு உருப்படியின் பெயர் 'நெட்ஸானெட்', விடுதலை. அந்த செப்டம்பரில் சக்கரவர்த்தி இறக்கப்பட்டார்; டெர்க் என்ற ராணுவக் குழு வந்தது; ஊரடங்கு வந்தது; அடிஸ் அபாபாவின் இரவு விடுதிகள் அடங்கின. 1991வரை அந்த ஆட்சி. பல சங்கீதக்காரர்கள் வெளியேறினார்கள். வாலியாஸ் குழுவின் ஹைலு மெர்கியா அமெரிக்காவிலேயே தங்கி வாஷிங்டனில் டாக்ஸி ஓட்டினார். சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் வண்டியில் வைத்திருந்த கீபோர்டை எடுத்து வாசித்துக்கொண்டிருந்தார். முலாட்டு ஊரிலேயே இருந்தார். சொல் இல்லாத சங்கீதம் அந்த ஆண்டுகளில் ஒரு தப்பித்தலா, ஒரே சாத்தியமா? வெளியிலிருந்து இதைத் தீர்ப்பாகச் சொல்ல எனக்கு உரிமையில்லை. இழப்பு இழப்புதான் என்பதை மட்டும் பதிவு செய்ய வேண்டும். நல்ல கலப்பும் இலவசமாகக் கிடைப்பதில்லை.

பிறகு நடந்ததில்தான் என் கேள்வி முழு வட்டம் வருகிறது. பிரெஞ்சுக்காரர் ஃபிரான்ஸிஸ் ஃபல்ஸெட்டோ தொகுத்த 'எத்தியோபிக்ஸ்' வரிசையின் 4வது தொகுதி, 1998ல், முழுக்க முலாட்டுவுக்கு. 2005ல் ஜிம் ஜார்முஷ் தன் 'புரோக்கன் ஃபிளவர்ஸ்' படத்தில் இந்த இசையைப் பயன்படுத்தினார். பழைய காதலிகளைத் தேடிக் காரில் அலையும் ஒரு அமெரிக்கனுக்கு, பக்கத்து வீட்டு எத்தியோப்பியன் வழிக்குத் துணையாகப் பதிந்து கொடுக்கும் இசை. 2010ல் நாஸ், டேமியன் மார்லி இருவரும் 'யெகெலே திஸிதா'விலிருந்து ஒரு துண்டை வெட்டித் தங்கள் ராப் பாட்டுக்கு அடித்தளமாக்கினார்கள். யெகெலே திஸிதா என்றால் என் சொந்த நினைவு என்று பொருள். சொந்த நினைவு இப்போது பிறர் பேச்சுக்குப் பின்னணி. ஒரு காலத்தில் பன்னிரண்டைக் கையில் வைத்திருந்தவர் இப்போது தானே ஐந்தாக நிற்கிறார். உலகச் சந்தை பன்னிரண்டாக எதிரே நிற்கிறது.

இதைத் திருட்டு என்று கூச்சல் போட எனக்கு விருப்பமில்லை. அவர் கேட்ட அதே உரிமையைத்தான் அவர்களும் கேட்கிறார்கள். ஆகவே அவரிடம் கேட்ட அதே கேள்வியை அவர்களிடமும் கேட்கலாம்: எதை விட்டுக்கொடுத்தீர்கள்? ஜார்முஷ் சில இடங்களில் பேச்சை நிறுத்தி, கார் ஓட, இசையை ஓடவிடுகிறார். படம் கொஞ்சம் வழிவிடுகிறது. ராப் பாட்டு ஆற்றல் மிக்கதுதான், ஆனால் அதில் அந்தத் துண்டு சுற்றிச்சுற்றி வருகிறதே தவிர எங்கும் போக அனுமதிக்கப்படவில்லை. மூலத்தில் அந்தச் சொற்றொடர் திரும்பத்திரும்ப வருவது ஸாக்ஸபோன் புறப்பட்டுப் போகவும் திரும்பி வரவும். இங்கே புறப்பாடு இல்லை.

கடைசியாக இந்தக் கணக்கில் கேட்பவனும் வருகிறான். அம்ஹாரிக் தெரியாத நான், இரவில் வீடு அடங்கியபின் இதைக் கேட்கிறபோது, என் காதில் ஒரு கலப்பு நடக்கிறது. திஸிதா ஆரம்பித்த மூன்றாவது ஸ்வரத்திலேயே உள்ளே ஒரு குரல் 'மோகனம்' என்று சொல்லிவிடுகிறது. அந்தச் சொல் வந்ததும் எனக்கு எல்லாம் சௌகரியமாகிவிடுகிறது. கேட்ட கீர்த்தனைகள், பழைய சினிமாப் பாட்டுகள் எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அடிஸ் அபாபா போய்விடுகிறது. இந்த இடத்தில் நானே பன்னிரண்டு. அந்தப் பெயரைச் சொல்லாமல் பத்து நிமிஷம் கேட்க முடியுமா என்று பார்க்கிறேன். நாலு நிமிஷத்துக்கு மேல் இன்னும் முடிந்ததில்லை.